காதுக்கு மேலே ஒரு திட்டு, கீழே ஒரு சொத்தைப்பல்

போன வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு எண்ணெய் தேய்த்து விட்டுக்கொண்டிருந்த ஆச்சியின் விரல் இடது காதுக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டது. "ஏட்டி, இங்க என்ன வழுவழுன்னு இருக்கு?" கண்ணாடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு ரூபாய்த் துட்டு அளவுக்கு முடியே இல்லை. அரிப்பில்லை, பொடுகில்லை, புண்ணுமில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கே இதற்கு ஒரே பெயர்தான், புழுவெட்டு. சின்ன உள்ளியை நறுக்கித் தேய்க்கச் சொன்னார்கள். பத்து நாள் தேய்த்தேன், தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். புழு என்று எதுவும் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேர்க்காலைத் தாக்குவதால் வருவது. டாக்டர்கள் அலோபீசியா ஏரியேட்டா என்பார்கள்.

அதே இடது பக்கம் கீழ்க் கடவாய்ப்பல் ஒன்று சொத்தை. எட்டு மாதமாகக் கிராம்பும் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்க ஊர் அப்பளத்தைக்கூட வலது பக்கமாகத்தான் மெல்லுவேன். மயினிதான் முதலில் கேட்டாள்: "பல்லு நரம்பும் தலை நரம்பும் ஒண்ணுன்னு சொல்லுதாவளே, அதுவா இருக்குமோ?"

அந்தச் சந்தேகத்தோடு போன முதல் இடத்தில், பல்லைப் பிடுங்கினால் முடி வந்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஒரு தைலத்தைக் கையில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார். பல்லைப் பிடுங்க மட்டும் மனசு ஒப்பாமல் திரும்பி வந்தேன். முடி போன பயத்தில் இருக்கிறவர்களிடம் இப்படிப் பேசுகிறார்களே என்று இப்போதும் கோபம் வருகிறது.

பிறகு ரயிலேறி, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா லென்ஸ் வைத்துத் திட்டின் ஓரத்தைப் பார்த்தார். அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள், ஆச்சரியக்குறி மாதிரி. திட்டு இன்னும் பரவக்கூடும் என்பதற்கு அது அடையாளமாம். வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா, சமீபத்தில் பெரிய காய்ச்சல் வந்ததா என்றெல்லாம் கேட்டு, ரத்தத்தில் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்க எழுதினார்.

பல்லைப் பற்றித் தயங்கித்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நின்று விளக்கினார். பல்லில் சீழ் இருந்த சிலருக்கு இப்படித் திட்டு விழுந்ததையும், பல்லைச் சரிசெய்த பிறகு முடி முளைத்ததையும் டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். "ஆனா அத வச்சு பல்லுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. சின்னத் திட்டு நிறையப் பேருக்குத் தானாவே முளைச்சிடும். பல்ல பல்லுக்காகப் பாருங்க." நரம்புக் கதையில் பாதி உண்மை. பல்லுக்கும் முகத்துக்கும் தலையின் முன்பக்கம், பக்கவாட்டுக்கும் உணர்ச்சி கொடுப்பது ஒரே நரம்பின் கிளைகள்தான். அதனால்தான் பல்வலி நெற்றிப்பொட்டு வரைக்கும் தெறிக்கிறது. முடியைப் பிடித்து வைத்திருப்பது அந்த நரம்பு இல்லை. தொற்று முற்றிக் கடுமையான காய்ச்சல் வந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்க முடி கொட்டலாம். அது வேறு, திட்டு வேறு.

ஆடியில் திட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட ஆரம்பித்தார்கள். மாதம் ஒன்றாக மூன்று முறை. எறும்பு கடிக்கிற மாதிரி ஏழெட்டுக் குத்து, அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்துப் பல் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். வேர் நுனியில் துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு நிழல். சீழ் எலும்பைத் தின்ற இடம் அது. நான் மாத்திரை போதுமா என்று கேட்டேன். உள்ளே நரம்பு செத்துப்போன பிறகு மாத்திரை வீக்கத்தைத் தணிக்கும், சீழ்க் கிடங்கைக் காலி செய்யாது என்றார். தலையில் ஊசி போடுவதை அவரிடம் சொல்லிவிட்டேன். நீங்களும் இரண்டு டாக்டர்களிடமும் எதையும் மறைக்காதீர்கள். பிடுங்க வேண்டியதில்லை, பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து அடைக்கிற வேர் சிகிச்சையே (ரூட் கேனால்) போதும் என்று மூன்று தடவை வரச்சொன்னார். முதல் நாள் பல்லைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது. இத்தனை நாள் அதையா வாயில் வைத்திருந்தேன்? கடைசியில் பல்லுக்கு மேலே உறை மாதிரி கேப் போட்டார்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு திட்டில் வெள்ளையாகப் பூனைமுடி தெரிந்தது. "நரைச்சுட்டே!" என்று ஆச்சி அழாத குறை. முதலில் வெள்ளையாகத்தான் வரும், பிறகு கறுக்கும் என்றார் டாக்டரம்மா. அப்படியே கறுத்தது. மார்கழியில் இரண்டு விரற்கடை நீளம். ஊசியா, பல்லா, தானாக வந்ததா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பல்வலி போனது மட்டும் பல் டாக்டரால்தான்.

இப்போது மயினி மகனுக்குத் தாடியில் ஒரு திட்டு. அவனும் பல்லைப் பிடுங்கத்தான் கிளம்பினான். தடுத்து, நேற்று தோல் பிரிவுக்குக் கூட்டிப்போய் வந்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை பல்லுக்கு எக்ஸ்ரே.