எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பண்டிகை நாள்காட்டி போட்ட கதை

2025 அக்டோபர் 20, திங்கட்கிழமை, தீபாவளி. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு எனக்கு மிட்டெர்ம் தேர்வு. தேதி வெளியானதுமே துறை அலுவலகத்துக்குப் போய் வேறு நாளில் எழுத முடியுமா என்று கேட்டேன். மறுக்கவில்லை, ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதன் கடைசி வரியில், "வழிபாட்டுத் தலத்தின் மதகுரு கையெழுத்திட்ட கடிதம் இணைக்கப்பட வேண்டும்" என்று இருந்தது. நான் எந்தக் கோயிலுக்குப் போய் யாரிடம் அப்படி ஒரு கடிதம் கேட்பது? கோயிலுக்குப் போகிறவர்களின் பெயரெல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்கும், அதைப் பார்த்து ஒருவர் எழுதித் தருவார் என்று நினைத்து யாரோ தயாரித்த படிவம் அது. அன்றைக்குத் தேர்வை எழுதிவிட்டேன். ஆனால் மனது ஆறவில்லை, அடுத்த வாரமே மாணவர் நல அலுவலகத்தில் போய் இதைச் சொன்னேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த செமஸ்டருக்குப் பண்டிகை நாள்காட்டி தயாரிக்க ஒரு சின்னக் குழு போடுகிறோம், நீங்களும் வருகிறீர்களா என்றார். சரி என்றேன்.

நாலு பேர். தேர்வுப் பிரிவு அலுவலர் ஒருவர், விரிவுரையாளர் ஒருவர், முதுகலை மாணவி ஒருவர், அப்புறம் நான். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் தொடங்கியபோது எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆள் இல்லை.

முதல் வேலையாக ஒரே ராத்திரியில் எக்ஸெல்லில் அறுபதுக்கும் மேற்பட்ட வரிகள் போட்டேன். பண்டிகையின் பெயர், தேதி, மதம் என்று மூன்று பத்தி. இனி சரிபார்ப்பது மட்டும்தான் பாக்கி என்று நம்பினேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாணவர் அமைப்புகளிடம் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்த மூன்று பத்தி எதற்கும் போதாது என்று தெரிந்தது.

முதலில் பார்த்தது ஒரு யூத மாணவரை. முடிந்துபோன செமஸ்டரின் தேதிகளையும் மாதிரிக்காகச் சேர்த்திருந்தேன். "யோம் கிப்பூர் – அக்டோபர் 2" என்ற வரியில் (அவர்களுடைய பாவமன்னிப்பு நாள் அது) விரலை வைத்து, "இது அக்டோபர் 1 சாயங்காலமே தொடங்கிவிடும்" என்றார். அவர்கள் கணக்கில் நாள் என்பது சூரியன் மறைந்ததும் ஆரம்பம். சுமார் 25 மணி நேர நோன்பு அது, தண்ணீர்கூடக் கிடையாது. ஆக, 2ஆம் தேதி தேர்வு வைக்காமல் 1ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு, நாங்கள் அந்தப் பண்டிகையை மதித்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. (அதே அக்டோபர் 2தான் விஜயதசமியும். இரண்டும் ஒரே நாளில் வந்ததை எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.)

அப்புறம் என் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நாலு தேதி எழுதினார். செப்டம்பர் 23, செப்டம்பர் 30, அக்டோபர் 7, அக்டோபர் 14. நாலுமே செவ்வாய்க்கிழமை. 23 ரோஷ் ஹஷானா, அதாவது அவர்களுடைய புத்தாண்டு. அக்டோபர் 7 சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகை. 14 அதன் முடிவில் வருகிற ஷெமினி அட்ஸெரெத். 30 மட்டும்தான் சும்மா இருந்த செவ்வாய். அவருடைய லேப் வகுப்பு செவ்வாயில். நாலு வாரத்தில் மூன்று லேப் போகிறது. அந்தப் பாடத்தில் இரண்டு லேப்புக்கு மேல் தவறவிட்டால் தேர்ச்சி கிடையாது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அக்டோபர் 14 அன்று நடந்தே லேப்புக்கு வந்து, எதையும் தொடாமல், பேனாவைக்கூட எடுக்காமல், கூடச் செய்கிறவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார், வருகைப் பதிவுக்காக மட்டும். அந்த நாளில் எழுதுவது அவர்களுக்குக் கூடாது. பக்கத்தில் நின்ற கூட்டாளிக்கே காரணம் தெரியாது, வேலை செய்யாமல் நிற்கிறான் என்று அவனுக்குக் கோபம் வேறு.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு பட்டியலை அழித்துவிட்டு வேறு மாதிரி போட்டேன். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, அன்றைக்கு எதைச் செய்ய முடியாது (எழுதுவதா, கம்ப்யூட்டரா, சாப்பிடுவதா, வேலையே கூடாதா), தேதி உறுதியா மாறுமா, இந்தத் தகவலை யாரிடம் கேட்டோம். இந்த நாலு பத்திதான் உயிர். முதல் பட்டியலில் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன், எல்லோரும் கேள்விப்பட்ட பெயர் ஆயிற்றே என்று. அதில் வேலை செய்யத் தடையே இல்லை, வகுப்புக்குத் தாராளமாக வரலாம் என்றார் அந்த மாணவர். வெளியே அதிகம் தெரிகிற பண்டிகையும் மாணவருக்குச் சிக்கலைத் தருகிற பண்டிகையும் பெரும்பாலும் வேறு வேறு.

அடுத்தது பிறை. தேர்வுப் பிரிவு அலுவலருக்கு ஒரே ஒரு தேதி வேண்டும், அவர் நிலைமை அப்படி. முஸ்லிம் மாணவர் அமைப்பில் போய்க் கேட்டால், 2026 நோன்புப் பெருநாள் மார்ச் 20ஆகவும் இருக்கலாம், 21ஆகவும் இருக்கலாம் என்றார்கள். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே சிலர் தங்கள் ஊரில் பிறை தெரிவதைப் பின்பற்றுகிறவர்கள், சிலர் சவூதி அறிவிப்பை, சிலர் முன்கூட்டியே போட்ட வானியல் கணக்கை. மூன்றும் சில வருஷம் ஒத்துப்போகும், சில வருஷம் போகாது. அலுவலர் என்னிடம் "கடைசியாக எது?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "இரண்டும்" என்றேன். கடைசியில் வெள்ளி, சனி இரண்டு நாளையும் தேர்வு இல்லாமல் விட ஒப்புக்கொண்டார். பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸும் அந்த நாள்களை ஒட்டியே வருகிறது என்று காட்டியது கொஞ்சம் உதவியது.

ரமலானைப் பற்றிப் பேசும்போது ஒரு மாணவி சொன்னது எனக்குத் தோன்றியே இருக்காது. 2026இல் நோன்பு பிப்ரவரி 18 அல்லது 19இல் தொடங்கி மார்ச் 19 அல்லது 20 வரைக்கும் ஓடுகிறது. மார்ச் 20 ஒட்டி உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், அதனால் சூரியன் மறைவது மாலை ஆறு மணியைச் சுற்றி. எங்கள் மாலை வகுப்பு ஐந்தரை முதல் எட்டரை. அதாவது நோன்பு திறக்கிற நேரம் சரியாக வகுப்பின் நடுவில். "லீவு வேண்டாம், பதினைந்து நிமிஷம் போதும்" என்றார் அவர். ஒரு இடைவேளையை நகர்த்தினால் தீர்ந்துவிடுகிற விஷயம், இத்தனை வருஷமாக யாரும் நகர்த்தவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவப் பண்டிகைகள் எப்படியும் காலண்டரில் இருக்கும் என்று அந்தப் பக்கம் நான் அதிகம் மெனக்கெடவில்லை. அது தப்பு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்த ஒரு மாணவி வந்து, "நீங்கள் போட்டிருக்கும் கிறிஸ்துமஸ் எங்களுடையது இல்லை" என்றார். பழைய ஜூலியன் நாள்காட்டிக்கும் இப்போதைய நாள்காட்டிக்கும் 13 நாள் வித்தியாசம், அதனால் அவருக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஆர்த்தடாக்ஸ் என்று பொதுவாக ஒரு வரி போட்டுவிடவும் முடியாது, கிரேக்கத் திருச்சபை டிசம்பர் 25இல்தான் கொண்டாடுகிறது. எங்கள் மறுதேர்வு ஒன்று ஜனவரி 7இல் இருந்தது. ஈஸ்டரும் அப்படித்தான். 2025இல் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 என்று ஒன்றாக வந்துவிட்டதால் எங்கள் அலுவலர் எப்போதும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். 2026இல் ஒன்று ஏப்ரல் 5, இன்னொன்று ஏப்ரல் 12. இரண்டு புனித வெள்ளி.

எங்கள் ஆட்களிடமும் ஒரே பதில் கிடைத்துவிடவில்லை. 2024இல் அமாவாசை அக்டோபர் 31 பிற்பகலில் தொடங்கி நவம்பர் 1 மாலை வரை இருந்ததால் தீபாவளி என்றைக்கு என்று இரண்டு கட்சி ஆனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைச் சொல்லித்தான் பிறை விஷயத்தை விரிவுரையாளருக்குப் புரியவைத்தேன். நம்முடைய திதிக் கணக்கு நமக்கு இயல்பாகத் தெரிகிறது, அடுத்தவர் கணக்கு மட்டும் ஏன் குழப்பமாகத் தெரிய வேண்டும்?

பட்டியல் வளர வளர ஒன்று தெளிவாயிற்று, எல்லா நாளுக்கும் லீவு விட முடியாது. பிப்ரவரி 17 சந்திரப் புத்தாண்டு, 18 கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், 18 அல்லது 19 ரமலான் தொடக்கம், அந்த ஒரு வாரமே நிறைந்துவிட்டது. அதனால் இரண்டு நிலையாகப் பிரித்தோம். முதல் நிலையில் இருக்கும் நாளில் வகுப்பு உண்டு, ஆனால் தேர்வோ ஒப்படைப்புக் கெடுவோ கிடையாது. இரண்டாவது நிலையில் மாணவர் முன்கூட்டிச் சொன்னால் போதும், மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டும். எது எந்த நிலை என்பதில்தான் நிஜமான சண்டை. ஆள் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கலாம் என்றார் விரிவுரையாளர். நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்குத் தெரிந்து பஹாய் மதத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர்தான் இருக்கிறார், அவர்களுக்கு வருஷத்தில் ஒன்பது நாள் வேலையை நிறுத்த வேண்டிய புனித நாள்கள். அவர் ஒருவர் என்பதால் அந்த ஒன்பது நாளின் கனம் குறைந்துவிடுமா? கடைசியில், அன்றைக்கு எழுதவோ வேலை செய்யவோ முடியாதா என்பதையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்துக்கொண்டோம்.

ஒரு கூட்டத்தில் பார்வையாளராக வந்த மாணவர் எழுந்து, எனக்கு மதம் கிடையாது, எனக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்டார். சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அவருக்கும் அம்மாவின் நினைவு நாள் இருக்கலாம், அன்றைக்கு அவர் தேர்வறையில் உட்கார வேண்டியிருக்கலாம். அங்கிருந்து வந்ததுதான், காரணம் கேட்காமல் ஒவ்வொருவருக்கும் செமஸ்டருக்கு இரண்டு நாள் என்ற விதி. தன் மதத்தை வெளியே சொல்ல விரும்பாதவர்களுக்கும் அது பயன்படுகிறது. இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் செமஸ்டர் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் தேதிகளை எழுதிக் கொடுத்தால் போதும். மதகுரு கடிதம் எடுக்கப்பட்டுவிட்டது, மாணவரின் கையெழுத்தே போதும். தப்பாகப் பயன்படுத்துவார்கள் என்ற வாதம் வந்தது. தவறவிட்ட தேர்வை எப்படியும் எழுதத்தான் போகிறார்கள், அதில் ஏமாற்றி என்ன லாபம் என்று முதுகலை மாணவி கேட்டார், அதோடு அந்தப் பேச்சு நின்றது.

டிசம்பர் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஜனவரி 7 மறுதேர்வு 9க்கு மாறியது. விடுபட்ட லேப்புக்கு மாற்று நேரமாக முதலில் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை என்று போட்டிருந்தார்கள், ஜும்ஆ தொழுகை நேரத்தில். அதைப் புதன் மாலைக்கு நகர்த்தினோம். சனிக்கிழமைத் தேர்வை மட்டும் நிறுத்த முடியவில்லை, அறைகள் போதாது என்றார்கள். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வு நாள் கடைப்பிடிக்கிற யூதர்களுக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினருக்கும் இன்னும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டுத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. இது எனக்கு மனக்குறைதான், அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எடுப்பேன்.

இதைச் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து இணையத்தில் கிடைக்கும் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். 2026 மே மாதத்தில் 1ஆம் தேதி ஒரு பௌர்ணமி, 31இல் இன்னொரு பௌர்ணமி. புத்தரின் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் எது என்று உங்கள் பௌத்த மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும், வேறு வேறு நாட்டவர் வேறு வேறு நாள் சொல்லக்கூடும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அடுத்த ஐந்து வருஷத்துக்கான தேதிகளையும் போட்டு டைம்டேபிள் போடுகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. யோம் கிப்பூர் செப்டம்பர் 21, திங்கள், அதனால் ஞாயிறு மாலையே தொடக்கம் என்று சிவப்பில் குறித்திருக்கிறேன். போன வாரம் தேர்வுப் பிரிவு அலுவலர் போன் செய்தார். 2030இல் ரமலானை இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள், ஒன்றை எடுத்துவிடட்டுமா என்றார். எடுக்காதீர்கள் சார், இஸ்லாமிய வருஷம் பத்துப் பதினோரு நாள் சின்னது, அந்த வருஷம் ஜனவரியில் ஒரு ரமலான், டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஜனவரியில் செமஸ்டர் தேர்வு வருமே" என்றார், பென்சில் எடுக்கிற சத்தம் கேட்டது, "சரி, தேதியைச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்."