மூணு காலம் தலைப்பு

புதுச்சேரியில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். காலநிலை மாற்றம் பற்றிப் பேப்பரில் வருவதையெல்லாம் நம்பலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு 2021 ஆகஸ்ட் 9 ராத்திரிதான் ஞாபகம் வரும்.

அன்றைக்குத்தான் ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி-யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பகுதி வெளியானது. செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பியைத் தமிழில் எழுதச் சொல்லி என்னிடம் தள்ளினார்கள். கடல்மட்டம் பற்றிய விஷயம் இதுதான்: புகையை உடனே கடுமையாகக் குறைத்தால் 2100-க்குள் 28 முதல் 55 செ.மீ. வரை உயரலாம், கட்டுப்பாடே இல்லாமல் கக்கினால் 63 செ.மீ. முதல் சுமார் 1 மீட்டர் வரை. துருவப் பனி எப்படி உடையும் என்பது இன்னும் சரியாகப் பிடிபடாததால், அந்த மோசமான நிலையில் 2 மீட்டரை நெருங்குவதையும் அடியோடு மறுத்துவிட முடியாது. அந்த 'மறுத்துவிட முடியாது' என்பதை நான் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

காலையில் பேப்பரைப் பிரித்தால், 'கடலில் மூழ்கப்போகிறது புதுச்சேரி!' கூடவே 2011-ல் வந்த 'தானே' புயல் சமயத்தில் எடுத்த பழைய அலைப் படம். முதல் வரியிலேயே 2 மீட்டர். 63-ம் இல்லை, 28-ம் இல்லை. நான் மொழிபெயர்த்த காப்பியில் புதுச்சேரி என்ற பேரே கிடையாது.

"என்ன சார் இது?" என்று செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். "ஏம்ப்பா, மூணு காலம் அகலத் தலைப்புல 'மறுத்துவிட முடியாது'ன்னு போட்டா எவன் படிப்பான்? உள்ளூர் மேட்டரா இருக்க வேணாமா?" என்றார். கெட்டவர் இல்லை, பாவம், ரெண்டு ஆளை வைத்துக்கொண்டு ஆறு பக்கம் முடிக்கிறவர்.

அந்த வாரமே வேறு வேலையாக மீனவர் குப்பமான வைத்திக்குப்பம் போனபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, 2100-ல மூழ்குறது இருக்கட்டும். எங்க கரை போயி முப்பது வருஷமாச்சே, அதை எந்தப் பக்கத்துல போட்டீங்க?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே போகும். சுவர் அதை மறித்தது, தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே கரை கரைந்தது. கருங்கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள், அரிப்பு அடுத்தடுத்த குப்பத்துக்கு நகர்ந்து தந்திராயன்குப்பம் வரைக்கும் போனது. அங்கே இடிந்து தொங்கிய வீட்டுப் படத்துக்குக் கீழே 'காலநிலை மாற்றத்தின் கோரமுகம்' என்று படக்குறிப்பு எழுதியது வேறு யாருமில்லை, நானேதான். அதிகாரிகளுக்கும் அது ரொம்ப வசதி. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்தச் சுவரைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் இல்லையா.

அதற்காகக் கடல் உயரவில்லை என்று அர்த்தமில்லை. 1901-லிருந்து 2018 வரை உலக சராசரி 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகமும் கூடியிருக்கிறது. இது கணிப்பு இல்லை, அளந்து பார்த்தது. ஆனால் படக்குறிப்பில் நான் விட்ட கதையைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அந்தப் பெரியவர், நாளைக்கு இந்த 20 செ.மீ.-யையும் நம்பமாட்டார். எனக்கு உறுத்துவது அதுதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது வேலையை விட்டுவிட்டுக் கடலூரில் வீட்டோடு இருந்தேன். புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. ஒரு டிவியில் 'எல்லாம் காலநிலை மாற்றம்', குடும்ப வாட்ஸ்அப்பில் மாமா 'அந்தக் காலத்துல பெய்யாத மழையா'. ரெண்டுமே அவசரம். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும், அது உண்மை. புயல் கரையைக் கடந்தும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டது, அதுவும் உண்மை. 48-ல் எதன் பங்கு எவ்வளவு என்று சொல்ல ஒரு ராத்திரி போதாது.

டெஸ்க்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் பையனுக்குப் போன் போட்டு இதைப் பெட்டிச் செய்தியாகப் போடச் சொன்னேன்.

"எத்தனை வரிண்ணே?"

"ஒரு பத்து வரி."

"ரெண்டு வரி தர்றேன்ணே, விளம்பரம் வந்துடுச்சு."