ஈதிக்குப் புது நோட்டு

லக்னோவின் சௌக் பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தேன். ரம்ஜானின் கடைசிப் பத்து நாள் வந்துவிட்டால் கவுண்ட்டரில் ஒரே கேள்விதான்: "நயே நோட் ஆயே?" (புது நோட்டு வந்ததா?) எல்லாம் ஈதிக்காக. பெருநாளன்று பெரியவர்கள் பிள்ளைகள் கையில் வைக்கும் காசுக்கு அங்கே அதுதான் பெயர். அரபு 'ஈத்' என்ற சொல்லோடு பாரசீக விகுதி சேர்ந்து உருதுவிலும் இந்தியிலும் நிலைத்துவிட்டது. நம் ஊரில் பெருநாள் காசு என்பார்கள்.

கசங்கிய நோட்டு ஈதிக்கு ஆகாது. பத்து, இருபது, ஐம்பதில் மொடமொடப்பாக வேண்டும். ஒரு கட்டுக்கு 100 நோட்டு. கிளைகளுக்கு நோட்டு அனுப்பும் கருவூலமான கரன்சி செஸ்ட்டிலிருந்து வருவதோ கொஞ்சம்; அதிலும் பத்து ரூபாய்க் கட்டு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மேலாளரின் நண்பர், பக்கத்து நகைக்கடைக்காரர் என்று சிபாரிசுகள் வரிசையில் நிற்கும். நான் பென்ஷன் வாங்க வரும் பாட்டிகளுக்குத்தான் முதலில் எடுத்து வைப்பேன். பெரிய வியாபாரிக்கு எங்கே போனாலும் நோட்டு கிடைக்கும். "பேட்டா, பழைய நோட்டைக் கொடுத்தால் பேரன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான்" என்றார் ஒரு காலா, அதாவது பெரியம்மா. அவருக்கு எப்படி இல்லையென்று சொல்வது?

நம் மொய்யிலும், விசேஷங்களில் கொடுக்கும் வடக்கத்திய அன்பளிப்பான ஷகுனிலும் 101, 501 என்று ஒற்றை ரூபாய் சேர்ப்பார்களே, ஈதிக்கு அந்தச் சடங்கு இல்லை. அதனால் நாணயத் தொல்லை தப்பியது.

பிறைதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. நோன்பு 29 அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. ஆகவே எது நடந்தாலும் சமாளிக்க, நோட்டெல்லாம் 28-க்குள் கைமாறியாக வேண்டும். எப்போதாவது தலைகாட்டும் மண்டல அதிகாரியை எங்கள் ஊழியர்கள் 'ஈத் கா சாந்த்' (பெருநாள் பிறை) என்பார்கள். அபூர்வமாகக் கண்ணில் படுகிறவரை இந்திக்காரர்கள் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் நோன்பே வைக்காதவர்கள். பெருநாள் முடிந்து கிளை திறந்ததும், எங்கள் இந்துக் காவலாளி நேராக முஸ்லிம் துணை மேலாளரிடம் போய் "சாஹிப், மேரி ஈதி?" என்று கை நீட்டுவார். அவர் அதற்கென்றே ஒரு கவர் தயாராக வைத்திருப்பார்.

இப்போது செல்போனிலும் ஈதி அனுப்புகிறார்கள். அது பெரும்பாலும் அப்பாவின் கணக்கில் போய் விழுகிறது. பிள்ளைகள் அதை ஈதியாகவே சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் நான் மாற்றலாகி வரும்வரை கவுண்ட்டர் கூட்டமும் குறையவில்லை.