நம்பிக்கை மையத்தில் எழுதியவை

2024 நவம்பர் 5, செவ்வாய்

தீபாவளி லீவு முடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாமக்கல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்தில், ஆலோசகர் வேலை எனக்கு. இங்கே எழுதும்போது வருகிறவர்களின் வயது, ஊர் விவரங்களை மாற்றிவிடுகிறேன். யாரும் யாரையும் தேட வேண்டாம்.

இன்று ஒரு பையன் ஃபோனை நீட்டினான். எச்.ஐ.வி. அறிகுறிப் பட்டியல் ஒன்றைப் படம் எடுத்து வைத்திருந்தான்: காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுதல், உடம்பில் சிவப்புத் தடிப்பு. "நாலும் இருக்குதுங் மேடம்." பாதுகாப்பில்லாத உறவு எப்போது நடந்தது என்று கேட்டேன். தீபாவளி ராத்திரியாம். இன்று ஐந்தாம் நாள்தான்.

எச்.ஐ.வி.யின் முதல் காய்ச்சல் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் வரும், பலருக்கு வருவதே இல்லை. வந்தாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். சாதாரண வைரல் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருப்பதும், மற்றவருக்கு எளிதாகப் பரவுவதும் அந்த வாரங்களில்தான். இதில் ஒரு கொடுமை, நம் விரைவுப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது உருவாகும் முன் சோதித்தால் 'இல்லை' என்றே வரும். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்கிறோம்.

அவன் 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் தொற்றைத் தடுக்கும் மாத்திரைக்கு டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். அந்த நேரம் தாண்டிவிட்டது. இன்றைய நிலை தெரிய ஒரு ரத்தம் எடுத்தோம். அப்புறம் டெங்கு பார்க்கச் சொல்லி வெளிநோயாளிப் பிரிவுக்கு அனுப்பினேன். மழைக்காலக் காய்ச்சலுக்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். தடிப்பு என்று அவன் காட்டியது கொசுக்கடி.

நவம்பர் 12, செவ்வாய்

காசநோய் உறுதியான எல்லோருக்கும் எச்.ஐ.வி. சோதனை உண்டு. அப்படித்தான் நாற்பதைத் தாண்டிய ஒரு லாரி டிரைவர் வந்தார். சட்டை தோளில் தொங்கியது. கழுத்தில் இரண்டு பக்கமும் கட்டி, வாய்க்குள் தயிர் ஒட்டினாற்போல வெள்ளைப் படலம். ஒரு மாதத்துக்கும் மேலாகச் சாயங்காலக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மூன்று விதமான கிட்டிலும் பாசிட்டிவ். ஒரே கிட்டை நம்பி யாருக்கும் 'இருக்கிறது' என்று சொல்வதில்லை.

முன்பு ஏதாவது வந்ததா என்று பேச்சுக் கொடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் விலாவில் அக்கி வந்ததாம். குயவர் வீட்டில் போய்க் காவியில் எழுதிக்கொண்டாராம், பத்து நாளில் காய்ந்துவிட்டதாம். அக்கி எழுதாவிட்டாலும் காய்ந்துதான் போகும், அது வேறு கதை. சின்னம்மை கிருமி உடலிலேயே படுத்திருந்து, எதிர்ப்புச் சக்தி சரியும்போது எழுந்து வருவதுதான் அக்கி. வயதானவர்களுக்கு வருவது சகஜம். நாற்பதுகளில் இருக்கிற ஆளுக்கு வந்தால், காவி தடவுவதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 14, வியாழன்

டிரைவரின் மனைவி வந்தார். "போன வருசம் வரைக்கும் கல்லாட்டம் இருந்தாருங் மேடம். தார்ப்பாய் ஒத்தை ஆளா இழுத்துக் கட்டுவாரு. அவருக்கு எப்பிடிங்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருப்பேன். முதல் காய்ச்சல் அடங்கிய பிறகு, சிகிச்சை இல்லாமலே சராசரியாக எட்டுப் பத்து வருஷம் ஒன்றுமே தெரியாமல் போகும். நன்றாகச் சாப்பிடுவார்கள், வேலை பார்ப்பார்கள், குழந்தை பெறுவார்கள். உள்ளே சிடி4 என்ற வெள்ளையணுக்கள் மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்கும். 200க்குக் கீழே இறங்கினாலோ, குறிப்பிட்ட சில கடும் நோய்கள் வந்தாலோதான் அது எய்ட்ஸ். அவர் கணவருக்கு 86.

அந்த அம்மாவுக்கு நெகட்டிவ். இவருக்கும் மூன்று மாதத்தில் மறுபரிசோதனை. "அப்போ எனக்கு வராதுங்களா?" என்றார். ஆணுறையைப் பற்றியும், மாத்திரை ஒழுங்காகப் போட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குப் போய், அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது என்பதைப் பற்றியும் சொன்னேன். முழுசாக நம்பவில்லை. பரவாயில்லை, இன்னும் பல தடவை பேச வேண்டியிருக்கும்.

டிசம்பர் 1, ஞாயிறு

உலக எய்ட்ஸ் தினம். சிவப்பு ரிப்பன், உறுதிமொழி. வெளியே மழை.

கையில் வந்த ஒரு நோட்டீஸில் எலும்புக்கூடு போட்டிருந்தது. எரிச்சலாக இருந்தது. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்களே, தொற்று இருந்த அந்தப் பெண்கள் யாரும் எலும்புக்கூடாக இல்லை. பார்த்தால் தெரியாததால்தான் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு வேலூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதன் பிறகு 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று தமிழ்நாடே கேட்டது. நல்ல விளம்பரம்தான், பேசாத விஷயத்தை டீக்கடையில் பேச வைத்தது. ஆனால் மக்கள் மனதில் எய்ட்ஸ் நின்ற அளவுக்கு எச்.ஐ.வி. நிற்கவில்லை. கடைசிக் கட்டத்தின் முகம் எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கு முந்தைய பத்து வருஷத்துக்கு முகமே கிடையாது.

டிசம்பர் 10, செவ்வாய்

கர்ப்பகாலப் பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு பாசிட்டிவ். நான்காம் மாதம். தலை நிறையப் பூ, தளதளவென்ற உடம்பு. "எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மைதான், ஒன்றும் இல்லை. நான் பார்க்க ஆசைப்படுவது இப்படி ஒன்றும் இல்லாமல் வருகிறவர்களைத்தான். இன்றே மாத்திரை தொடங்கினால், சிகிச்சையில்லாத நிலையில் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குப் பரவக்கூடியதை 5க்கும் கீழே கொண்டுவரலாம். இதைச் சொன்ன பிறகுதான் அழுகையை நிறுத்தினாள். கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் இன்னொரு நாள் வேண்டும் என்றாள். சரி என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

டிரைவருக்குக் காசநோய் மாத்திரை முதலில் தொடங்கி, உடம்பு அதைத் தாங்கியதும் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. இன்று மறுபடி காய்ச்சலோடு வந்தார். கழுத்துக் கட்டி முன்னைவிடப் பெரிசு. "இந்த மாத்திரைதாங் என்னைக் கொல்லுது. நிறுத்திப்போடலாம்னு இருக்கறேன்."

இந்த இடத்தில்தான் நிறையப் பேரை இழக்கிறோம். எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில் இருந்தபோது காசநோய்க் கிருமியோடு சண்டை போட ஆளே இல்லை. மருந்தால் சிடி4 ஏறத் தொடங்கியதும் சண்டை ஆரம்பிக்கிறது. காய்ச்சலும் வீக்கமும் அதனால் வருபவை. சில வாரங்களில் அடங்கும், தேவைப்பட்டால் டாக்டர் வீக்கத்துக்கு மருந்து தருவார். ஆனால் இதை நாமாக முடிவுகட்டக் கூடாது. புதிதாக வேறு தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தலைவலி, பார்வை மங்கல், மூச்சு வாங்குதல் உண்டா என்று கேட்டேன். 100க்கும் கீழே சிடி4 உள்ளவருக்கு விடாத தலைவலி என்றால் மூளையுறையில் பூஞ்சைத் தொற்று இருக்கலாம், ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. இவருக்கு அதெல்லாம் இல்லை. டாக்டர் சேர்த்துக்கொண்டார்.

டிசம்பர் 27, வெள்ளி

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. வார்டிலிருந்து நடந்தே வந்தார். கேட்டது ஒன்றுதான்: வண்டி எப்போது எடுக்கலாம்?

காசநோய் மருந்தின் முதல் இரண்டு மாதம் முடியட்டும், டாக்டர் சொல்வார் என்றேன். ஓனரிடம் என்ன சொல்ல என்றார். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, இவர் சம்மதம் இல்லாமல் நாங்கள் ஓனரிடம் சொல்ல முடியாது, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. "டிபின்னு மட்டும் சொல்லிக்கறேன்" என்றார். அது அவர் இஷ்டம்.

குஜராத் லோடு போனால் மாத்திரை தீர்ந்துவிடுமே என்று மனைவிக்குக் கவலை. ஏஆர்டி மையத்தில் தந்த பச்சைப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனால் வழியில் இருக்கும் ஏஆர்டி மையத்தில் வாங்கலாம் என்று சொன்னேன். காசநோய் மருந்து ஓடும்வரையும், அது முடிந்து இரண்டு வாரத்துக்கும், கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிர் மட்டும் 12 மணி நேரம் கழித்து இன்னொன்று கூடுதலாகப் போட வேண்டும். அந்த அம்மா ஃபோனை எடுத்து, காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் அலாரம் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.