ஐப்பசியில் கோடியக்கரை

எல்லாரும் பூநாரைக்காக மார்கழி, தை வரை காத்திருப்பார்கள். எனக்கு ஐப்பசியே போதும், கடற்காகங்கள் (ஆங்கிலத்தில் gull) வந்துவிடும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அப்புறம் பறவை பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கானல்தான் ஆடும்.

பழுப்புத்தலைக் கடற்காகத்திடம் இப்போது பழுப்புத் தலையைத் தேடாதீர்கள். அந்த முக்காடெல்லாம் லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் காலத்துக்கு. இங்கே வரும்போது தலை வெளுத்து, காதருகே ஒரு கறை மட்டும் மிஞ்சியிருக்கும். கருந்தலைக் கடற்காகத்துக்கும் அதே கறைதான். கண்ணைப் பாருங்கள்: பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், மற்றதற்குக் கறுப்பு. பறந்தால் இன்னும் சுலபம். பழுப்புத்தலையின் கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரியும்.

இளம்பறவைகளிடம் கண், பொட்டு என்ற இந்த இரண்டு அடையாளமும் செல்லாது. அதுகளை நோட்டில் 'ஏதோ கடற்காகம்' என்று எழுதிவிட்டு, கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை பக்கம் நகர்ந்துவிடுவேன்.