தாத்தாவின் தொழில்: ஸ்கேவஞ்சர்

போன வாரம் ஏதோ படிவத்துக்காக அப்பாவின் பழைய பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தோம். 1954, பினாங்கு. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ஒரே சொல்: ஸ்கேவஞ்சர். தாளின் மடிப்பு சரியாக அந்தச் சொல்லின் நடுவே ஓடுகிறது, பின்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறது. அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, ஸ்கேவஞ்சர்னா செத்ததைத் தின்னுற பிராணிதானே, கழுகு, உடும்பு மாதிரி?" என்றாள். சுருக்கென்றது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பள்ளியில் படித்தது அதுதான்.

ஆனால் அந்தச் சொல் முதலில் மனிதருக்குத்தான் இருந்தது, அதுவும் ஓர் அதிகாரிக்கு! இடைக்கால லண்டனில் வெளியூர் வணிகர் விற்கக் கொண்டுவந்த சரக்குக்கு ஸ்கேவேஜ் என்றொரு வரி. அதை வசூலித்தவர் ஸ்கேவேஜர். வேர்ச்சொல்லின் பொருளே பார்வையிடுவதுதான். அப்புறம் தெரு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்து, நாளடைவில் தெருக் கூட்டுபவருக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. மெசஞ்சர், பாசஞ்சர் போல நடுவில் ஒரு 'ஞ்' பிறகு ஒட்டிக்கொண்டது. கழுகுக்குப் போனதெல்லாம் அதற்கும் பின்னால்.

தமிழில் எப்படிச் சொல்வது? தோட்டி என்பது சாதியோடு சேர்த்து வசையாக வீசப்பட்ட சொல், மனிதரைக் குறிக்க அதை எழுதவே கூடாது என்பேன். துப்புரவுத் தொழிலாளி, தூய்மைப் பணியாளர் இருக்கின்றன. இந்தியாவில் 1993, 2013 சட்டங்கள் 'மேனுவல் ஸ்கேவஞ்சர்' என்ற சொல்லால் தடுப்பது கையால் மலம் அள்ளவைப்பதை. அங்கே வெறும் துப்புரவு என்று எழுதினால் கொடுமை மறைந்துபோகும். பிராணிக்குப் பிணந்தின்னி என்கிறோம், சரி, பினாங்கில் கொம்தார் கோபுரத்தின் பக்கம் குப்பைத் தொட்டியைக் கிளறும் காக்கை பிணமா தின்கிறது? கழிவு தின்னும் உயிர் என்றால் போதும்.

தாத்தா தெருவும் கூட்டினார், கக்கூஸ் வாளியும் சுமந்தார். கக்கூஸ் என்பதே டச்சுச் சொல், மலாயிலும் காக்குஸ்தான். வேலை முடிந்து வந்தால் வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார், அதுவரை அப்பத்தா துண்டோடு நிற்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைப் பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப்போய், பழைய கடைவீடுகளின் பின்சந்தில், சுவரின் அடியில் வாளி எடுக்க வைத்திருந்த சின்னக் கதவைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "இவ்வளவு சின்னதாவா மாமா?" என்றாள்.