அக்டோபர் விடுமுறைக்கு எஸ்வாத்தினி: டர்பனிலிருந்து காரில் போக என்ன செலவு?

ஜூலை 2, புதன்
தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலை இன்று மாறியது. மாதந்தோறும் முதல் புதனில் மாறும் என்பதால், அக்டோபருக்கு லிட்டருக்கு ஒரு ரேண்ட் கூட்டியே கணக்குப் போட வேண்டும். கொலேலா எல்லை வழியாக எஸ்வாத்தினியின் (பழைய ஸ்வாசிலாந்து) மான்சினி நகருக்குப் போய்வர ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். உள்ளே சுற்ற 250. நாலு பேர், மூட்டை முடிச்சு, ஏசி என்றால் சின்ன காரும் நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும். ஆக 100 லிட்டர். 22 ரேண்ட் வீதம் 2,200. என்2 சாலையில் டோங்காட், ம்வோட்டி, ம்துன்சினி சுங்கச்சாவடிகள் தனி.

எஸ்வாத்தினிப் பணமான லிலங்கேனியும் (பன்மையில் எமலங்கேனி) நம் ரேண்டும் சம மதிப்பு, ரேண்டே அங்கு செல்லும், தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். லெசோத்தோவிலும் இதே வசதிதான். ஆனால் அங்கு போகும் மலைப்பாதையான சானி கணவாய் ஏற ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) வேண்டும். அதை வாடகைக்கு எடுத்தால் பட்ஜெட் அங்கேயே காலி.

ஜூலை 19, சனி
பாஸ்போர்ட்டை இப்போதே பிரித்துப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்தே ஆண்டு. காலாவதியாகியிருப்பது பெரும்பாலும் பிள்ளைகளுடையதுதான். ஒன்றுக்கு 600 ரேண்ட். நாலும் புதிதென்றால் 2,400, பெட்ரோலைவிட அதிகம்! தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி
காரின் காகிதம் சரியில்லை என்றால் எல்லையில் திருப்பி அனுப்பிவிடலாம். வங்கிக் கடன் முடியாத கார் என்றால், வண்டி எண், நாடு, தேதி மூன்றும் எழுதிய அனுமதிக் கடிதத்தை வங்கியிடம் வாங்க வேண்டும். பதிவுச் சான்றின் நகலை போலீஸ் நிலையத்தில் காசில்லாமல் அத்தாட்சி செய்து தருவார்கள். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்டும் அனுமதிக்குத் தனிக் கட்டணம். புக் செய்யும்போதே கேளுங்கள்.

இன்சூரன்ஸ்காரரிடம் இரண்டு கேள்வி, பதில் எழுத்தில்: அந்த நாட்டில் விபத்து நடந்தால் எக்ஸஸ் (நம் கையிலிருந்து கட்டும் பங்கு) எவ்வளவு? வண்டி நின்றுவிட்டால் இழுத்து வருவது எங்கிருந்து? எல்லைக்கு இந்தப் பக்கம்தான் என்றால், இழுவைச் செலவுக்கென்று தனித்தொகை ஒதுக்குங்கள்.

செப்டம்பர் 20, சனி
புரட்டாசி முதல் சனி. விடுமுறையும் இந்த மாதத்துக்குள்தான் வருகிறது. சைவச் சாப்பாடு தேடி ஹோட்டல் ஹோட்டலாக அலைவதைவிட சமையலறையோடு உள்ள செல்ஃப் கேட்டரிங் குடில் மேல். அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் கடைச் செலவு காய்கறியோடு நிற்கும். கோமாரி நோய்க் கட்டுப்பாட்டால் எல்லையில் இறைச்சி, பால் பொருளைப் பறிக்கலாம். தயிரை அங்கேயே வாங்குங்கள்.

தங்க எசுல்வினி பள்ளத்தாக்கு போதும். கிழக்கே ஹ்லானே பக்கம் தாழ்நிலம், மலேரியா பகுதி. அக்டோபரில் பருவம் தொடங்குவதால் நாலு பேருக்கும் மாத்திரைச் செலவு சேரும். (ஈஸ்டருக்குப் போகலாமே என்பவர்களுக்கு: எல்லையில் நெரிசல், குடில் வாடகையும் ஏறும். இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவும் அப்போதுதான்.)

செப்டம்பர் 27, சனி
கொலேலா காலை 7 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். அதை நம்பி மாலையில் கிளம்ப வேண்டாம். மறுபக்கச் சாலையில் இருட்டினால் மாடுகள் குறுக்கே நிற்கும். எல்லையில் கட்டும் சாலை வரிக்கு ரொக்கம் தனியே வையுங்கள். எல்லைக்கு முன்பே ரோமிங்கை அணைத்து, வரைபடத்தை இறக்கிக்கொண்டு, உள்ளே போனதும் எம்டிஎன் சிம் வாங்கினால் போன் பில் பயமுறுத்தாது. சில்லறையாகத் திரும்பி வரும் எமலங்கேனியை டர்பன் கடைகளில் வாங்கமாட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரான லவுமிசாவில் பெட்ரோல் போட்டுத் தீர்த்துவிட்டு எல்லை தாண்டுங்கள்.